ஏறுவதற்கு முன் விழுந்த பங்கு

அத்தியாயம் 4

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்ணின் லைசென்ஸ் பறிபோகப் போகிறது. அதைத் தடுக்கவேண்டிய என் பாஸ் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் துப்பறியும் நிறுவனம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறது. பாஸுக்கு வெளியே ஊமைக்கோட்டான் என்று பெயர். ஒரு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுவார். மிச்ச அரை வார்த்தையைப் பேசத்தான் எனக்குச் சம்பளம். சில நாள் நான் ஓவர்டைம் பார்த்துவிடுகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் அனலிஸ்ட். நாற்பது வயது இருக்கும். டாக்டர் அறை வாசலில் டோக்கன் நம்பருக்குக் காத்திருப்பவர் போல, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக வந்து போகிறார். ஒரு முறைகூட அவர் குரல் ஏறி இறங்கவில்லை. அழுகிற கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், மேஜையைக் குத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவரைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவர் வேலை இதுதான். ஏழு கம்பெனிகளைக் கவனிப்பார். ஒவ்வொரு கம்பெனியும் வரும் வருஷம் ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் பார்க்கும் என்று ஒரு எண் சொல்வார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணைத் திருத்தி அறிக்கை விடுவார். திருத்தம் மேலே போனால் பங்கு விலை ஏறும், கீழே போனால் விழும். இதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கம்பெனி நன்றாகத்தான் ஓடும், லாபமும் வரும். ஆனால் முன்பு பத்து என்று சொன்னவர் இப்போது ஒன்பது என்று சொன்னால் போதும், சந்தையே துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடும். தொண்ணூறு மார்க் வாங்கிய பிள்ளையை நூறு எங்கே என்று கேட்டு அடிக்கிற அப்பா கதைதான் இது என்றேன். அதேதான் என்று ஒப்புக்கொண்டார் அந்தப் பெண், சிரிக்காமல்.

விவகாரம் அந்த ஏழில் ஒன்றான பம்பு கம்பெனியைப் பற்றியது. சின்னக் கம்பெனி. இருபது பேர் சேர்ந்து விற்றாலே விலை ஆடிப்போகும். ஒன்றரை வருஷத்தில் அதைப் பற்றி ஆறு அறிக்கைகள் வந்திருக்கின்றன. எந்தக் கம்பெனியின் அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்பதை ஒரு மாதம் முன்பே இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். ஏற்றமா இறக்கமா என்பது மட்டும்தான் ரகசியம். அது அன்று பகல் இரண்டு மணிக்கு வெளியே வரும்.

ஆறில் நான்கு தடவை அவர் எண்ணைக் குறைத்தார். அந்த நான்கு நாளும் காலை பத்து மணிக்கே விலை சரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணி ரகசியம் பத்து மணிக்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டு தடவை எண்ணை ஏற்றினார். முதல் ஏற்றத்தின்போது காலையில் ஓர் அசைவும் இல்லை. இரண்டாவது ஏற்றம் போன மாதம் வந்தது, அதுதான் ஆறாவது அறிக்கை. அன்றும் காலையில் விலை விழுந்தது. இரண்டு மணிக்கு ஏற்றத்தோடு அறிக்கை வந்ததும் குதித்து எழுந்தது.

பங்குச்சந்தையின் கண்காணிப்புப் பிரிவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணைக் குழு போட்டது. குழுவின் கையில் ஒரு கதை தயாராக இருந்தது. நான்கு தடவை ரகசியத்தை வெளியே விட்டவர், ஆறாவது அறிக்கையின்போது ஆட்களை விட்டு விலையைத் தட்டி, அடிமாட்டு விலைக்கு வாங்க வைத்து, பிறகு அறிக்கையால் ஏற்றிவிட்டார் என்று. இன்று ஐந்து மணிக்கு அது ஊர்ஜிதமானால், அனலிஸ்டாக வேலை பார்க்கிற லைசென்ஸ் போகும். அதன் பிறகு அந்தத் தொழிலில் அவர் காலை வைக்கவே முடியாது.

"இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லைங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதையும் மணி என்ன என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பாஸ் நகவெட்டியை மடக்கிவைத்தார். காலையில் விற்றவர்கள் மத்தியானம் என்ன ஆனார்கள் என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண்ணின் வக்கீல் மூலமாக வந்த பட்டியல் என்னிடம்தான் இருந்தது. முந்தின நாள் முழுவதும் அதோடுதான் குடும்பம் நடத்தியிருந்தேன். விற்ற இருபது பேரும் ஒரே சின்னப் புரோக்கர் கடையின் வாடிக்கையாளர்கள். காலையில் குறைந்த விலைக்கு விற்று, மத்தியானம் ஏறிய விலைக்கு அலறியடித்துக்கொண்டு திரும்ப வாங்கியிருக்கிறார்கள். இருபது பேருக்கும் கை சுட்டிருக்கிறது.

"திட்டம் போட்டுத் திருடறவன் தன் சட்டைப்பையிலயா கை விடுவான்?" என்றார் பாஸ்.

"அப்ப அவங்களுக்குத் தப்பான எண்ணைச் சொல்லியிருக்காங்களா?"

"எண்ணையே சொல்லலை. அவங்களுக்கு எண் தெரியாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எண் கசிந்திருந்தால் அன்று காலையில் அவர்கள் வாங்கியிருக்க வேண்டும். கசிந்தது எண் இல்லை, ஏதோ ஓர் அடையாளம். எண் குறைகிற நாளில் எல்லாம் கூடவே வருகிற அடையாளம். போன மாதம் அது வேறு ஏதோ காரணத்துக்காக வந்து ஆட்களைக் கவிழ்த்துவிட்டது.

எண்ணைக் குறைக்கிற நாளில் வித்தியாசமாக என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம். ஒன்றும் இல்லை என்றார். அன்றைக்கு என்று தனிச் சட்டை உண்டா, தனி வழி உண்டா, யாருக்காவது போன் செய்வீர்களா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் அவரே, "நான் என்ன பண்றேன்னு நான் பார்த்ததில்லைங்க" என்றார். பாஸ் செருப்பை மாட்டிக்கொண்டார். பார்க்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

தரகு நிறுவனம் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. வக்கீலின் ஆட்கள் என்று சொல்லி உள்ளே போனோம். அவருடைய மேஜையில் அணைத்து வைத்த கம்ப்யூட்டர், ஒரு கால்குலேட்டர், சீவிய பென்சில்கள் இரண்டு. பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களைக் கண்டதும் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். அதிர்ஷ்டவசமாக அங்கே கம்ப்யூட்டர் இல்லாத ஒருவர் இருந்தார். பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்கிற அம்மா. அவர் பக்கத்தில் தலையைப் புதைக்க எதுவும் இல்லை, ஒரு ஃப்ரிட்ஜைத் தவிர.

யார் சாப்பாட்டு டப்பாவில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் என்பதிலிருந்து யாருக்கு யார்மீது மனஸ்தாபம் என்பது வரைக்கும் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. அனலிஸ்ட் மேடத்தைப் பற்றிக் கேட்டதும் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நம்பரைக் குறைக்கிற அன்னிக்கு அவங்க சாப்பிட மாட்டாங்க சார். ரெண்டு மணிக்கு மேல பங்கு வெச்சிருக்கவங்க எல்லாம் போன் போட்டுத் திட்டுவாங்க. வயித்துல எதுவும் நிக்காதாம். டப்பாவே எடுத்துட்டு வர மாட்டாங்க."

நான் பாஸைப் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா குறைந்தால், பத்து மணிக்குப் பம்பு கம்பெனி விழுகிறது. குற்றவாளி இவ்வளவு சுலபமாக, கையில் துடைப்புத் துணியோடு கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாஸ் மெல்ல, போன மாதம் அறிக்கை வந்த அன்று டப்பா வந்ததா என்று கேட்டார்.

அன்றும் வரவில்லை என்றார் அந்த அம்மா. ஆனால் அன்று மேடம் காலையிலேயே கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஆபீசுக்கு வந்தாராம். ஊசி போட்டு வாய் மரத்துப்போய்ப் பேச முடியவில்லையாம். பல் பிடுங்கியிருக்கிறது, பேச முடியாது என்று காகிதத்தில் எழுதி மேஜைமேல் ஒட்டி வைத்திருந்தாராம். இந்த அம்மாதான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

லிஃப்டில் இறங்கும்போது அந்த அம்மாவைப் பற்றி நான் ஒரு நீளமான குற்றப்பத்திரிகை வாசித்தேன். பாஸ் ஐந்தாவது மாடியிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"அந்த அம்மாவுக்குப் பல் விஷயம் தெரியும். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவன் அன்னிக்கு வித்திருக்க மாட்டான்."

"அப்ப டப்பா போகலைன்னு தெரிஞ்சிருக்கணும். ஏன் போகலைன்னு தெரிஞ்சிருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் யார் இருக்க முடியும் பாஸ்?"

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியது. ஆபீசுக்கு வராத டப்பா எங்கே தங்கியிருக்கும் என்று யோசித்தேன். இரண்டாவது மாடி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மணியடித்ததும் அந்தப் பெண்ணின் கணவர் கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது. முகம் மழித்து, முழுக்கைச் சட்டையின் எல்லாப் பொத்தான்களும் போட்டு, எங்கோ கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். எங்கும் கிளம்பவில்லை. நாங்கள் யார் என்று சொன்னதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் வழிவிட்டார்.

வீடு சுத்தமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகித அட்டை, அதில் இரண்டு கையெழுத்துகள். ஒரு கையெழுத்து, சமையல் கேஸ் தீரப்போகிறது. இன்னொன்று, சொல்லியாகிவிட்டது. ஒன்று, சனிக்கிழமை தண்ணீர் வராது. இன்னொன்று அதற்கு நேரே ஒரு டிக். அட்டையின் கீழே வரைக்கும் இப்படியே போயிற்று. நான் இதுவரை பார்த்த எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையிலும் இதைவிடச் சத்தம் அதிகம்.

பாஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

"டப்பா எந்தத் தட்டுல இருக்கும்?" என்றார் பாஸ்.

அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். ஃப்ரிட்ஜ் திறந்தே கிடந்தது.

"நடுத் தட்டு" என்றார்.

அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் வாயைப் பிடுங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உட்கார்ந்து, தனக்கு நடந்தது போலவே இல்லாமல் வரிசையாகச் சொன்னார். ஒரு டயர் கம்பெனியில் கொள்முதல் மேலாளராக இருந்திருக்கிறார். ஒரு நாள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, இப்படி வரும் என்று ஆறு மாதமாகவே தெரியும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த டயர் கம்பெனியைக் கவனிப்பவர் மனைவியின் பக்கத்து மேஜைக்காரர். ஒவ்வொரு தடவையும் அங்கே எண் எப்படி இறங்கப்போகிறது என்பது மனைவியின் காதில் முன்கூட்டியே விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். சொல்லக் கூடாதுன்னு சொன்னா. நான் சரின்னேன். அதுக்கப்புறம் நாங்க பேசிக்கலை."

முதலில் கோபம் இருந்ததாம். பிறகு அதுவும் போய்விட்டதாம். வீட்டில் சும்மா இருந்தவருக்கு டப்பா கண்ணில் பட்டது. மனைவி இரவே சமைத்து ஃப்ரிட்ஜில் வைப்பார், காலையில் எடுத்துப்போவார். சில நாள் எடுத்துப்போவதில்லை. மற்ற கம்பெனிகளின் அறிக்கைத் தேதிகளோடு ஒத்துப்பார்த்து, டப்பா தங்கினால் எண் குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். அவையெல்லாம் பெரிய கம்பெனிகள், யார் விற்றாலும் விலை அசையாது. பம்பு கம்பெனி அசைந்தது. பகல் முழுக்கப் போய் உட்காருகிற புரோக்கர் கடையில் சொல்ல ஆரம்பித்தார்.

பணத்துக்காகவா என்று நான் கேட்டேன். கொஞ்சம் வந்தது, வங்கியில் அப்படியே கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றார். பிறகு, "அவ சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும்னு ஆச்சு" என்றார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"போன மாசம் தப்பாப் போச்சே" என்றார் பாஸ்.

"ஆமா. ஏன்னு புரியலை. டப்பா இருந்தது."

"அன்னிக்குக் காலையில அவங்க பல்லைப் பிடுங்கியிருக்காங்க."

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பல்லு?"

கடைவாய்ப்பல் என்றார் பாஸ். எந்தப் பக்கம் என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

நடந்ததை எழுதித் தர அவர் தயங்கவே இல்லை. தனக்கு என்ன தண்டனை வரும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் பேனா நின்றது. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதையும் எழுத வேண்டும் என்று பாஸ் சொன்ன இடத்தில். அது இல்லாவிட்டால் மனைவியே கணவரிடம் சொல்லியிருக்கிறார் என்றுதான் குழு முடிவு கட்டும்.

"நான் எழுதிடறேன். அவ ஒத்துக்க மாட்டா சார். அவங்க அம்மாவுக்கே தெரியாது. அவங்க போன் பண்ணா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுவோம், சிரிப்போம். வெச்சப்புறம் அவ அந்த ரூமுக்குப் போயிடுவா."

நாலரை மணிக்கு விசாரணை அறைக்கு வெளியே, ஒரு நீள பெஞ்சில் அந்தப் பெண் காத்திருந்தார். பாஸ் கடிதத்தைக் கொடுத்தார். அவர் படித்தார். அறிக்கைகளைப் படித்துப் பழகியவர், வேகமாகத்தான் படித்திருப்பார். ஆனால் கடிதத்தை மடிக்க நேரமாயிற்று.

"அப்ப அவர் என்னைக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கார்" என்றார்.

அதில் சந்தோஷம் இருந்ததா, வலி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்காது.

கடிதம் மட்டும் போதாது, இருவரும் சேர்ந்து எழுதியது என்று சொல்லிவிடுவார்கள், நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று பாஸ் எடுத்துச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உள்ளே நிறுவனத்தின் தலைவர் இருப்பார், பக்கத்து மேஜைக்காரர் சாட்சியாக வந்திருப்பார், எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டினார். சொல்கிறேன் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்பது தெரியவில்லை.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஓரத்தில் இருந்தவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட முகத்தோடு பேனாவை மூடி வைத்திருந்தார். அவர்தான் முதலில் பாய்ந்தார். ஒரே வீட்டில் இருக்கிற கணவர் மனைவி, வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை என்பதை நாங்கள் நம்ப வேண்டுமா என்றார்.

அந்தப் பெண் எழுந்து நின்றார். எண்ணைத் திருத்திச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"வேலையைப் பத்தி மட்டும் இல்லைங்க. நாங்க எதைப் பத்தியும் பேசறதில்லை. ரெண்டு வருஷம் நாலு மாசமா."

டைப் செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. பக்கத்து மேஜைக்காரர் தரையைப் பார்த்தார். ஏன் என்று நரைத்த மீசைக்காரர் கேட்டார், கேட்க விருப்பமில்லாமல்.

"அவர் வேலை போகப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சொல்லலை. அதனால."

அப்போதும் அவர் அழவில்லை. எனக்குத்தான் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

பாஸ் எழுந்து இரண்டு காகிதங்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று, போன மாதம் காலையில் விற்றவர்களின் பட்டியல். இன்னொன்று, அதே காலையில் பல் டாக்டர் கொடுத்த ரசீது. இவர் வீட்டில் சொல்லியிருந்தால் அந்த இருபது பேரும் அன்று வாங்கியிருப்பார்கள், விற்று நஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார். வேறு சாட்சி எதுவும் எங்களிடம் இல்லை. ஓரத்தில் இருந்தவர் பட்டியலையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

இருபது நிமிஷத்தில் முடிவு வந்தது. அந்தப் பெண்மீது குற்றம் இல்லை. லைசென்ஸ் அப்படியே இருக்கும், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். கணவரும் புரோக்கர் கடையும் கண்காணிப்புப் பிரிவின் பொறுப்பு. நிறுவனத்தின் தலைவர் கை கொடுத்தார்.

வெளியே வரும்போது குழுவின் கிளார்க் ஒரு பெரிய ரெஜிஸ்டரோடு எங்களை நிறுத்தினார். உத்தரவின் நகல் தபாலில் வரும், இந்த முகவரி சரிதானா என்று அந்தப் பெண்ணிடம் காட்டினார். சரிதான் என்று சொல்லிவிட்டு அவர் நகராமல் நின்றார்.

"என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு தனியா அனுப்பிடுங்க."

"ஒரே வீடுதானே மேடம்? நீங்களே காட்டிடலாமே."

"இல்லைங்க. நான் சொல்ல மாட்டேன். ரெண்டு கவரா அனுப்புங்க."

கிளார்க் அதே முகவரியை இன்னொரு தடவை எழுதிக்கொண்டார்.